விலக்கிய எண்

பெலோட்டாஸ் நகரில் ஜூலைக் காற்று
எலும்பைத் தேடி வீசும்.
அந்தக் காற்றில்தான் கதவு கதவாகத் தட்டினேன்,
தோள்பையில் நாற்பது கருவிகள்.
இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், ஏழு நாள்,
குளிக்கும்போது மட்டும் கழற்றுங்கள் என்று
ஒரே வாக்கியத்தை முந்நூறு வாசல்களில் சொன்னேன்.
சிலர் சன்னலை மட்டும் திறந்தார்கள்.
நாய்கள்தான் தெளிவாகப் பதில் சொல்லின.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இல்சே ஷ்வாங்கே
ஒரே கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தார்:
ஓய்வு நேரத்தில் எத்தனை நாள் நடப்பீர்கள்?
'விறுவிறுப்பாக' என்று ஓர் ஆண்டு சேர்த்தார்,
மறு ஆண்டு அடித்தார்.
'பத்து நிமிடத்துக்குக் குறையாமல்' என்றார்,
பின்னால் அந்தப் பத்தும் போயிற்று.
மேசையில் மாத்தே ஆறிக் கிடக்கும்.
நடப்பதைப் பற்றி எழுதியவர்
நாள் முழுக்க உட்கார்ந்தே எழுதினார்,
அதையும் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

செஃபெரீனா எட்டு மாடி துடைப்பவள்.
ஓய்வு நேரமா, என்றாள்,
அது எத்தனை மணிக்கு வரும்?
நான் சுழியம் எழுதினேன். படிவத்துக்கு அதுதான் புரியும்.
அவள் கருவி சோப்பு மணத்தோடு திரும்பி வந்தது,
ஒரு நாளைக்குப் பதினேழாயிரம் அடிகள்.
படிவம் அவளைச் 'சோம்பல்' என்ற கட்டத்தில் போட்டது.

அன்றிரவு இல்சே வீட்டுக்குப் போகவில்லை.
பழைய பெட்டிகளை எல்லாம் இறக்கினார்.
ஏரிக்கரையில் காலாற நடந்தவருக்கு
இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.
வாளியோடு, கால் ஆறாமல் நடந்தவருக்கு
ஏறியிருந்தது.
அடி ஒன்றுதான். எண்ணும் ஒன்றுதான்.
இருபது ஆண்டுகளாக இரண்டையும்
ஒரே பத்தியில் கூட்டியிருக்கிறேன், என்றார்,
யாரிடமும் இல்லை, பெட்டியிடம்.

ஜெனேசியோ அட்டை பொறுக்கும் வண்டிக்காரர்.
அவர் கருவி காட்டிய எண்ணைப் பார்த்து
பேட்டரி கெட்டதென்று நினைத்தேன்.
கெடவில்லை. குதிரைக்குக் கட்டியிருந்தார்.
நடக்கிறவளைத்தானே கேட்டீர்கள், என்றார்,
நான் வண்டியில் உட்கார்ந்திருப்பவன்,
பொய் சொல்லக் கூடாதல்லவா?
கட்டுரையில் ஒரே வரி: 'ஒருவர் விலக்கப்பட்டார்.'
குதிரையின் பெயர் பிடாங்கா.
அந்த வரைபடத்தை மட்டும் இல்சே
கெட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்தார்.
ஆவி பட்டு ஓரம் சுருண்டது.

நட, நலம் பெறு.
நகராட்சிக்கு அவரே எழுதித் தந்த வாசகம்.
பேருந்து நிறுத்தத்தில் அதன் கீழே
செஃபெரீனா கால் மாற்றி மாற்றி நிற்பதை
காரிலிருந்து பார்த்தார்.
அதற்குப் பிறகு மாநாடுகளுக்குப் போகவில்லை.
பேருந்து கேட்டுப் போனார்.
நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு மாதமும்,
அதே மஞ்சள் கோப்போடு.
உடற்பயிற்சிக்கும் பேருந்துக்கும்
என்னம்மா சம்பந்தம், என்றார் உறுப்பினர் ஒருவர்.
இல்சே கருவியை எடுத்து அவர் முன் வைத்தார்:
ஏழு நாள், ஐயா. குளிக்கும்போது மட்டும் கழற்றுங்கள்.
அவர் கட்டவில்லை. ஆனால் பேருந்து வந்தது,
இரவு ஒன்பதேகாலுக்கு, ஒன்றே ஒன்று.

செஃபெரீனாவுக்கு நாற்பது நிமிடம் மிஞ்சியது.
அதில் என்ன செய்கிறாள் என்று
பார்த்துவரச் சொன்னார் என்னை.
ஏரிக்கரைக்குப் போகிறாளா? நடக்கிறாளா?
இல்லை. வாசலில் நாற்காலி போட்டு
காலை ஒரு பக்கெட்டின் மேல் நீட்டி
உட்கார்ந்திருந்தாள்.
தயங்கித்தான் சொன்னேன்.
'உட்கார்ந்தாள்' என்று குறித்துக்கொண்டார் இல்சே.
அடிக்கோடிட்டார். சிரித்த மாதிரி இருந்தது.

பணி முடிந்த நாளில் பேச்சு எதுவும் வேண்டாமென்றார்.
நாற்பது இடுப்புப் பட்டைகளையும் துவைத்து
பின்முற்றத்துக் கொடியில் காயப் போட்டோம்.
ஒன்றில் கருவியைக் கழற்ற மறந்துவிட்டேன்.
ராத்திரி முழுக்கத் தெற்கத்திக் காற்று.
காலையில் திறந்து பார்த்தால்
இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
இதையும் விலக்கிவிடவா, என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்தபடி
எவ்வளவு, இன்னொரு தரம் சொல், என்றார்.